சிம்ப்சன்ஸ் ஹாலோவீன் எபிசோட்கள்: எல்லாரும் கேட்கிற கேள்விகள்

அக்டோபர் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அக்கா பிள்ளைகள், அவர்களுடைய சிநேகிதர்கள், சில நாள் என் அலுவலக நண்பர்கள் என்று ஏழெட்டுப் பேர் கூடி உட்கார்ந்து, ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் ஹாலோவீன் எபிசோட்களைப் போட்டுப் பார்ப்போம். புதிதாக வருகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் வருடாவருடம் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். சில பதில்களில் கதையின் முடிவும் வந்துவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது தனித் தொடரா, இல்ல சிம்ப்சன்ஸ்லயே ஒரு பகுதியா?

அதே தொடர்தான். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற கற்பனை ஊரில் ஹோமர், மார்ஜ், அவர்களுடைய பிள்ளைகள் பார்ட், லிசா, கைக்குழந்தை மேகி ஆகியோர் வாழும் வாழ்க்கைதான் சிம்ப்சன்ஸ். அரைமணி நேரத் தொடராக 1989 டிசம்பரில் தொடங்கியது. வருடத்துக்கு ஒரு முறை, ஹாலோவீனை ஒட்டி, வழக்கமான கதையை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே எபிசோடில் மூன்று குட்டிப் பேய்க்கதைகள் சொல்வார்கள். விளம்பரம் போக மொத்தம் 22 நிமிடம் அளவுக்குத்தான். ஒரு கதைக்கு ஆறேழு நிமிடம் கிடைத்தால் பெரிது.

முதல் எபிசோட் 1990 அக்டோபர் 25 அன்று வந்தது. அதிலிருந்து ஒரு வருடம்கூட விடுபட்டதில்லை. இந்த வரிசைக்குப் பெயர் ‘ட்ரீஹவுஸ் ஆஃப் ஹாரர்’.

ஹாலோவீன்னா என்னன்னே எனக்குத் தெரியாது. புரியுமா?

புரியும். ஹாலோவீன் அக்டோபர் 31 இரவு. மறுநாள் நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்கு அனைத்துப் புனிதர் திருநாள், அதற்கடுத்த நாள் கல்லறைத் திருநாள். நம் ஊரில் அன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்களுக்கு முந்தைய இரவை அமெரிக்காவில் பிள்ளைகளின் விளையாட்டாக ஆக்கிவிட்டார்கள். பேய், சூனியக்காரி வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள். பூசணிக்காயில் கண்ணும் வாயும் வெட்டி உள்ளே விளக்கு வைப்பார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

பேர்ல மரவீடுன்னு இருக்கு, ஆனா மரவீட்டையே காணோமே?

முதல் எபிசோடில் இருக்கிறது. மிட்டாய் வசூலை முடித்துவிட்டு பார்ட், லிசா, மேகி மூவரும் வீட்டுத் தோட்டத்து மரத்தின் மேல் கட்டிய பலகை வீட்டில் உட்கார்ந்து பேய்க்கதை சொல்வார்கள். வெளியே ஹோமர் ஒளிந்து நின்று கேட்டுக்கொண்டிருப்பார். பெயர் அங்கிருந்துதான் வந்தது.

இரண்டாவதில் மிட்டாயை அளவுக்கு மீறித் தின்றுவிட்டுத் தூங்கி, ஆளுக்கொரு கெட்ட கனவு காண்பார்கள். மூன்றாவதில் ஹாலோவீன் விருந்து. நான்காவதில் பார்ட் ஓவியங்களுக்கு நடுவே நடந்தபடி கதை சொல்வான். அதன் பிறகு இந்தச் சுற்றுக்கதையையே கைவிட்டார்கள். ஆறேழு நிமிடக் கதைக்கு ஒவ்வொரு நொடியும் தேவைப்பட்டது. ஆரம்பத்தில் கல்லறைத் தோட்டத்தைக் காட்டி, கல்லறைக் கற்களில் வேடிக்கையாக எதையாவது எழுதிவைக்கும் வழக்கமும் அப்படியே போயிற்று.

எதுல இருந்து ஆரம்பிக்கிறது? வரிசையா பாக்கணுமா?

வரிசை தேவையில்லை. ஒவ்வொரு கதையும் தனி. ஆனாலும் நான் யாருக்கும் 1990இன் முதல் எபிசோடைத்தான் முதலில் போடுவேன். அது முடிந்ததும் நான்காவது, அப்புறம் ஐந்தாவது.

முதல் எபிசோடின் முதல் கதையில் ரத்தம் வடியும் சுவர்களுள்ள பேய் வீட்டை மலிவாகக் கிடைத்தது என்று ஹோமர் வாங்கிவிடுவார். வீடு இவர்களை விரட்ட என்னென்னவோ செய்து பார்க்கும். மார்ஜுக்குக் கோபம் வந்து வீட்டையே அதட்டுவாள். ‘எங்களோடு சேர்ந்து இருக்கப் பழகு’ என்பாள். வீடு கொஞ்ச நேரம் கொடுங்கள், யோசிக்கிறேன் என்று சொல்லும். இவர்கள் வெளியே காத்து நிற்பார்கள். யோசித்து முடித்த வீடு, இந்தக் குடும்பத்தோடு வாழ்வதைவிடச் சாவதே மேல் என்று தன்னையே உள்ளிழுத்துக்கொண்டு மறைந்துவிடும். நம்மை வேண்டாம் என்று சொல்லிவிட்டதே என்று லிசாவுக்கு மனசு சங்கடப்படும். பேயை விடவும் அந்த நிராகரிப்புதான் அவர்களைச் சுடுகிறது. இந்த இடம் உங்களுக்குப் பிடித்துவிட்டால் மீதி முப்பது சொச்சம் எபிசோடும் உங்களுக்கானவைதான்.

எந்த எபிசோட் எந்த வருடம் என்று தேடுகிறவர்களுக்கு ஒரு சுலபக் கணக்கு: தலைப்பில் உள்ள ரோமன் எண்ணோடு 1989ஐக் கூட்டினால் வருடம், 1ஐக் கூட்டினால் சீசன். 30ஆவது என்றால் 2019, 31ஆம் சீசன்.

ஹோமர் செத்துட்டாரே, அடுத்த வாரம் எப்படி வேலைக்குப் போறாரு?

ஹாலோவீன் எபிசோடில் நடப்பது எதுவும் தொடரின் கணக்கில் சேராது. மூன்று கதைகளுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. 1994இல் வந்த ஐந்தாவதில் பள்ளித் தோட்டக்காரர் வில்லி மூன்று கதையிலும் காப்பாற்ற ஓடி வருவார், மூன்றிலும் முதுகில் கோடரி வாங்கிச் சாவார். அடுத்த வாரம் பழையபடி புல் வெட்டிக்கொண்டிருப்பார்.

எனக்கு இந்த எபிசோட்கள் மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணமே இந்த ஏற்பாடுதான். குடும்பத் தொடரில் என்ன சண்டை வந்தாலும் கடைசியில் எல்லாரும் பழைய இடத்துக்கு வந்தாக வேண்டும், அடுத்த வாரம் கதை நடக்க வேண்டுமே. வருடத்தில் ஒரு நாள் மட்டும் அந்தக் கட்டாயம் இல்லை. ஊரை அழிக்கலாம், உலகத்தை அழிக்கலாம், ஆளைப் பூச்சியாக்கலாம். அப்படி எல்லாவற்றையும் உருவிய பிறகு அந்த ஐந்து பேரிடம் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க முடிகிறது.

மூலப் படங்கள் எதையும் நான் பாத்ததில்ல. சிரிப்பு வருமா?

பெரும்பாலும் வரும். நிறைய கதைகள் பழைய படம், கதை, தொலைக்காட்சித் தொடர்களைத் தழுவியவைதான். 1960களின் ‘ட்விலைட் ஸோன்’ தொடரிலிருந்துதான் அதிகம் எடுத்திருக்கிறார்கள். ஐந்தாவதில் வரும் பனிமலை ஓட்டல் கதை 1980இல் வந்த ‘தி ஷைனிங்’ படத்தின் கேலி. அந்தப் படத்தைப் பார்க்காதவருக்கும் கேபிள் இணைப்பும் பீரும் கிடைக்காததால் ஹோமருக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்பது புரியாமலா போகும்? நான் மூலத்தைப் பார்த்தது பல வருடம் கழித்துத்தான்.

தழுவல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முதல் எபிசோடின் மூன்றாவது கதையைச் சொல்வேன். எட்கர் ஆலன் போ 1845இல் எழுதிய ‘தி ரேவன்’ என்ற கவிதையை, அதன் வரிகளை வைத்தே படமாக்கியிருப்பார்கள். கவிதையைக் கம்பீரமான குரலில் படிப்பவர் நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். இறந்த காதலியை நினைத்துத் துயரப்படுபவர் ஹோமர், சுவரில் மாட்டிய படத்தில் இருப்பவள் மார்ஜ், உள்ளே பறந்து வந்து எரிச்சலூட்டும் அண்டங்காக்கைக்கு பார்ட்டின் தலை. கார்ட்டூனில் முழுக் கவிதையா, அலட்டலாகிவிடுமே என்று தொடரை உருவாக்கிய மாட் க்ரோனிங்கே பயந்தாராம். கதை முடிந்ததும் இதில் பயப்பட என்ன இருக்கிறது என்கிறான் பார்ட். 1845இல் ஜனங்கள் சுலபமாகப் பயந்திருக்கலாம் என்கிறாள் லிசா. பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஒட்டுக்கேட்ட ஹோமருக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அந்த ஒத்தைக்கண்ணு பச்சை ஜந்து ரெண்டும் யாரு?

காங், கோடோஸ். ரைஜெல் என்ற நட்சத்திரப் பக்கமிருந்து வருகிற வேற்றுகிரகவாசிகள். கண்ணாடித் தொப்பிக்குள் ஒரே கண், வாயில் எப்போதும் எச்சில். பெயர்கள் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரிலிருந்து எடுத்தவை. முதல் எபிசோடில் சிம்ப்சன்ஸ் குடும்பத்தைப் பறக்கும் தட்டில் ஏற்றிக்கொண்டு போய் வகைவகையாகச் சாப்பாடு போடுவார்கள். கொழுக்க வைத்துத் தின்னப் போகிறார்கள் என்று லிசா சந்தேகப்படுவாள். ஒரு சமையல் புத்தகமும் கையில் கிடைக்கும், அட்டையில் ‘மனிதர்களைச் சமைப்பது எப்படி’ என்று இருக்கும். தூசியை ஊதினால் ‘மனிதர்களுக்குச் சமைப்பது எப்படி’ என்று மாறும். மறுபடி ஊதினால் ‘நாற்பது மனிதர்களைச் சமைப்பது எப்படி’. இன்னொரு ஊது, ‘நாற்பது மனிதர்களுக்குச் சமைப்பது எப்படி’. கடைசியில் அவர்கள் நல்லவர்கள்தான். சமைத்தவர் மனம் உடைந்து அழுவார். சந்தேகப்பட்ட நாம்தான் அரக்கர்கள் என்று லிசா சொல்வாள்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லா ஹாலோவீன் எபிசோடிலும் ஒரு நொடியாவது தலைகாட்டிவிடுவார்கள். அவர்களுடைய பெரிய கதை 1996 அக்டோபர் 27இல் வந்தது. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. நிஜ வேட்பாளர்களான பில் கிளின்டன், பாப் டோல் இருவரையும் கடத்திவிட்டு, அவர்கள் உருவத்தில் காங்கும் கோடோஸும் பிரசாரம் செய்வார்கள். ஹோமர் முகமூடியைக் கிழித்துக் காட்டியும் பயனில்லை. ‘இருக்கிறது இரண்டே கட்சி, எங்களில் ஒருவருக்குத்தான் ஓட்டுப் போட்டாக வேண்டும்’ என்று சொல்லிவிடுவார்கள். காங் ஜெயித்து, மொத்த ஜனமும் சங்கிலியில் கட்டுண்டு சாட்டையடி வாங்கும்போது, ‘என்னைக் குறை சொல்லாதே, நான் கோடோஸுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்’ என்பார் ஹோமர். தேர்தல் சமயத்தில் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் வாயில் இந்த வசனம் வந்துவிடும்.

சின்னப் பசங்களுக்குக் காட்டலாமா?

எல்லாவற்றையும் காட்ட முடியாது. முதல் எபிசோடின் ஆரம்பத்திலேயே மார்ஜ் திரைக்கு முன்னால் வந்து நின்று, இது பயங்கரமாக இருக்கும், நாளைக்கு எங்களுக்குக் கோபமாகக் கடிதம் எழுதுவதைவிட இன்றைக்குப் பிள்ளைகளைச் சீக்கிரம் படுக்க வையுங்கள் என்று எச்சரிப்பாள். 1931இல் வந்த ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ படத்தின் தொடக்க எச்சரிக்கையைப் பார்த்துச் செய்தது அது. ஆனால் அவள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது.

முதல் நான்கு எபிசோடை எட்டு வயதுப் பிள்ளையோடு நான் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் பெரியவர் இருந்தால் பிரச்சினையில்லை. ஐந்தாவதை மட்டும் பெரிய பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆசிரியர்கள் மாணவர்களைச் சமைத்துத் தின்னும் கதை ஒன்று உண்டு. தொலைக்காட்சியில் வன்முறை அதிகம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்த காலம் அது. அதற்குப் பதில் சொல்வதுபோல வேண்டுமென்றே ரத்தத்தைக் கூட்டினார்கள். பின்னாளில் வந்த எபிசோட்களிலும் ரத்தம் தாராளம்தான். முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியில வர்ற பேரெல்லாம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

தொடரில் வேலை செய்தவர்களின் பெயர்களைப் பயமுறுத்துகிற மாதிரி மாற்றிப் போடுவார்கள், இரண்டாவது எபிசோடில் ஆரம்பித்த விளையாட்டு. பழைய அமெரிக்கப் பேய்க்கதைக் காமிக்ஸ்களில் இப்படிச் செய்வார்கள். மாட் க்ரோனிங் ‘பேட் க்ரோனிங்’ ஆகிவிடுவார், வௌவால் க்ரோனிங். இடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்தார்கள், ரசிகர்கள் விடவில்லை.

ஹாலோவீன் அக்டோபர்ல, ஆனா நிறைய எபிசோட் நவம்பர்ல வந்திருக்கே?

பேஸ்பால்தான் காரணம். ஃபாக்ஸ் சேனலில்தான் சிம்ப்சன்ஸ் வருகிறது, பேஸ்பால் இறுதிப் போட்டித் தொடரும் அதே சேனலில்தான். அந்தப் போட்டிகள் அக்டோபர் கடைசியில் நடக்கும். அதனால் 2000இலிருந்து 2010 வரை பெரும்பாலும் நவம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று. ஹாலோவீன் முடிந்த பிறகு ஹாலோவீன் எபிசோடா என்று காங்கும் கோடோஸுமே ஒரு எபிசோடில் அங்கலாய்ப்பார்கள்.

இதை எடுக்க ரொம்ப நாள் ஆகுமா?

வழக்கமான எபிசோடைவிடக் கூடுதல் வேலை. சாதாரணக் கதையில் அதே சோபா, அதே சமையலறை, அதே உடை, எல்லாம் வரைந்து தயாராக இருக்கும். இதில் மூன்று கதைக்கும் புதுப் புது இடங்கள், புது உருவங்கள். அதனால் பின்னாளில் ஒரு சீசனின் கடைசியில் எழுதி, அடுத்த சீசனின் தொடக்கத்தில் ஒளிபரப்பும் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வரைகிறவர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்தது.

ஹோமர் முப்பரிமாணமா மாறுற கதையில ஒரு கணக்கு வருதே, அது சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்டவள் அக்கா மகள், பத்தாம் வகுப்பில் படிக்கும்போது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

முதலில் கதை. 1995இல் வந்த ஆறாவது எபிசோட். மார்ஜின் அக்காமார் இருவரும் வீட்டுக்கு வருகிறார்கள், அவர்களிடமிருந்து தப்பிக்க ஹோமர் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளிகிறார். அங்கே சுவருக்குள் இன்னொரு உலகம் திறக்கிறது. அதில் விழுந்ததும் தட்டையான ஹோமர் பொம்மைபோல உருண்டு திரண்டு நிற்கிறார். கணினியில் உருவாக்கிய முப்பரிமாணக் காட்சி அது. பின்னாளில் ‘ஷ்ரெக்’ படத்துக்கு வேலை செய்த பசிஃபிக் டேட்டா இமேஜஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. வெட்டவெளியில் எண்களும் சமன்பாடுகளும் மிதந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒன்று: 1782இன் 12ஆம் அடுக்கு + 1841இன் 12ஆம் அடுக்கு = 1922இன் 12ஆம் அடுக்கு.

இரண்டுக்கு மேற்பட்ட எந்த அடுக்குக்கும் பூஜ்யமல்லாத முழு எண்களில் இப்படி ஒரு சமன்பாடு அமையவே அமையாது என்பதுதான் ஃபெர்மாவின் கடைசித் தேற்றம். முந்நூறு வருடத்துக்கு மேல் யாரும் நிரூபிக்க முடியாமல் கிடந்தது. ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் அச்சில் வந்ததும் அதே 1995இல்தான். அப்படியிருக்க, பத்து இலக்கம் காட்டும் கால்குலேட்டரில் இந்தக் கணக்கைப் போட்டு 12ஆம் மூலம் எடுத்தால் விடை 1922 என்றே வரும். கதையை எழுதிய டேவிட் கோஹன் இயற்பியலும் கணினியும் படித்தவர். நிரல் எழுதித் தேடி, கால்குலேட்டரை ஏமாற்றுகிற மாதிரி மூன்று எண்களைப் பிடித்துப் போட்டிருக்கிறார். இரண்டு பக்கமும் 40 இலக்க எண்கள். முதல் ஒன்பது இலக்கம் ஒத்துப்போகும், பத்தாவதில் இடது பக்கம் 8, வலது பக்கம் 9.

அவளிடம் இதைச் சொல்லிவிட்டு, கால்குலேட்டர் இல்லாமலே இது தப்பு என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். ஒரு நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: ‘1782 இரட்டைப்படை, எத்தனை தடவை பெருக்கினாலும் இரட்டைப்படைதான். 1841 ஒற்றைப்படை, அது ஒற்றைப்படையாவே இருக்கும். ரெண்டையும் கூட்டினா ஒற்றைப்படை. ஆனா 1922 இரட்டைப்படையாச்சே மாமா!’ அவ்வளவுதான். முந்நூறு வருடத் தேற்றமெல்லாம் தேவைப்படவில்லை.

வரையுற பாணியே சில கதையில மாறிடுதே, அதுவும் இவங்கதானா?

சில சமயம் வெளியாட்களையும் கூப்பிடுவார்கள். 2013 எபிசோடின் தொடக்கக் காட்சியை இயக்குநர் கியெர்மோ டெல் டோரோ செய்தார், பேய்ப்படங்களுக்கு ஒரு நீண்ட வணக்கம் போல இருக்கும். 2022இல், பெயரை எழுதினால் அந்த ஆள் செத்துப்போகும் குறிப்பேட்டைப் பற்றிய ‘டெத் நோட்’ கதையை ஜப்பானிய கார்ட்டூனான அனிமே பாணியிலேயே வரைந்தார்கள். லிசா கையில் அந்தக் குறிப்பேடு கிடைக்கும். அனிமே பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைப் போட்டால் எழுந்து போகமாட்டார்கள்.

‘ஹாலோவீன் ஆஃப் ஹாரர்’, ‘தேங்க்ஸ்கிவிங் ஆஃப் ஹாரர்’னு வேற இருக்கே, அதெல்லாம் இந்தக் கணக்கா?

இல்லை. 2015இல் வந்த ‘ஹாலோவீன் ஆஃப் ஹாரர்’ ஒரே கதை, அதில் நடப்பது தொடரின் கணக்கில் சேரும். அதே மாதம் வழக்கமான மூன்று கதை எபிசோடும் தனியாக வந்தது. 2019 நவம்பரில் வந்த ‘தேங்க்ஸ்கிவிங் ஆஃப் ஹாரர்’ மூன்று கதைகள் கொண்டதுதான், ஆனால் பண்டிகை வேறு. 2022இல் ‘நாட் இட்’ என்று ஒரு முழுநீளக் கதை வந்தது. அதற்கும் வரிசை எண் கிடையாது. அதனால்தான் மேலே நான் சொன்ன 1989 கணக்கு இன்னும் பிசகாமல் இருக்கிறது.

எல்லாமே அடுத்தவங்க கதைதானே? சொந்தமா என்ன இருக்கு?

சொந்தச் சரக்கும் இருக்கிறது. முப்பரிமாணக் கதை வரும் அதே ஆறாவது எபிசோடில், கடைகளின் கூரைமேல் நிற்கும் ராட்சத விளம்பரப் பொம்மைகள் உயிர் பெற்று ஊரை நாசம் செய்யும். அவற்றைச் சாகடிக்க ஒரே வழி, யாரும் திரும்பிப் பார்க்காமல் இருப்பது. பார்க்காதீர்கள் என்று ஒரு பாட்டையே பாடுவார்கள்.

இரவல் கதைகளிலும் பாருங்கள். ரே பிராட்பரியின் 1952 சிறுகதையில், கடந்த காலத்துக்குப் போனவன் ஒரு வண்ணத்துப்பூச்சியை மிதித்ததால் நிகழ்காலம் மாறிவிடும். ஐந்தாவது எபிசோடில் ஹோமர் ரொட்டி சுடும் டோஸ்டரைப் பழுது பார்க்கப் போய் அது கால எந்திரமாகிவிடும். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் வேறொரு வாழ்க்கை. ஒன்றில் நல்ல வீடு, பண்பான பிள்ளைகள், எல்லாம் அமைந்திருக்கும். வளையம் போன்ற இனிப்புப் பண்டமான டோனட் எங்கே என்று கேட்பார். அப்படியென்றால் என்ன என்று மார்ஜ் கேட்க, அலறிக்கொண்டு ஓடிவிடுவார். அவர் போன பிறகு மார்ஜ் ஜன்னல் வழியே பார்த்து, மறுபடி மழை வந்துவிட்டது என்பாள். வெளியே டோனட் மழை கொட்டிக்கொண்டிருக்கும். பிராட்பரி கதையில் இது கிடையாது. கையெட்டும் தூரத்தில் இருப்பதைப் பார்க்காமல் ஓடுகிற அந்த மனிதர் முழுக்க முழுக்க இவர்கள் உருவாக்கியவர்.

ஒரே ஒரு கதைதான் பாக்க நேரம் இருக்கு. எதைப் பாக்கட்டும்?

1993இல் வந்த நான்காவது எபிசோடின் முதல் கதை. ஒரு டோனட்டுக்காக என் ஆன்மாவையே விற்பேன் என்று ஹோமர் சொல்ல, சாத்தான் வந்து நிற்கிறான். யார் என்று பார்த்தால் பக்கத்து வீட்டு பக்திமான் ஃப்ளாண்டர்ஸ். டோனட்டை முழுதாகத் தின்றால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று தெரிந்து ஹோமர் கடைசி விள்ளலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறார். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அதையும் தின்றுவிடுகிறார். வழக்கு விசாரணை வீட்டு ஹாலில் நடக்கிறது. ஜூரியில் உட்கார்ந்திருப்பவர்கள் சரித்திரத்தின் பொல்லாதவர்கள், முன்னாள் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் உட்பட. நான் இன்னும் சாகவே இல்லையே என்பார் நிக்சன். எபிசோட் வந்தபோது உண்மையிலேயே உயிரோடுதான் இருந்தார்.

வக்கீல் பாதியில் ஓடிவிடுகிறார். அப்போது மார்ஜ் எழுந்து கல்யாணப் போட்டோவை நீட்டுகிறாள். பின்பக்கம் ஹோமர் கையெழுத்தில் எழுதியிருக்கிறது: நீ உன் கையைக் கொடுத்தாய், பதிலுக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது என் ஆன்மா மட்டும்தான், அது என்றைக்கும் உனக்கே. அந்த ஆன்மா மார்ஜுக்குச் சொந்தம், விற்க ஹோமருக்கு உரிமையே கிடையாது என்று ஜூரி தீர்ப்புச் சொல்கிறது. எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது, இந்த இடத்தில் எங்கள் கூடத்தில் இன்னும் சத்தம் அடங்கிவிடும்.

தோற்ற சாத்தான் கோபத்தில் ஹோமரின் தலையை டோனட்டாக மாற்றிவிட்டுப் போகிறான். மறுநாள் காலை ஹோமர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தன் தலையைத் தானே பிய்த்துத் தின்கிறார். பிய்க்காதே என்கிறாள் மார்ஜ். வாசலில் ஊர்ப் போலீஸ்காரர்கள் எல்லாரும் காபிக் கோப்பையோடு நிற்கிறார்கள், எப்படியும் வெளியே வந்துதானே ஆக வேண்டும் என்று.